முள், நூல், பாரம்: தாமிரபரணிக் கரையில் தூண்டில்

முள், அதைத் தாங்கும் நூல், அடிக்கு இழுக்கும் பாரம், மீனை வரவழைக்கும் இரை ஆகிய நான்கும் சேர்ந்ததே தூண்டில். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அது இரண்டு விதத் தண்ணீருக்காகக் கட்டப்பட்டது. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆற்றுக்கும், அதன் எட்டு அணைக்கட்டுகள் நிரப்பும் குளங்களுக்கும் ஒரு கட்டு. ஆறு மன்னார் வளைகுடாவில் சேரும் புன்னைக்காயல் தொடங்கி வடக்கே தூத்துக்குடி, வேம்பார் வரையிலும் தெற்கே மணப்பாடு வரையிலும் உள்ள கடலுக்கு வேறொரு கட்டு. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவை இரண்டும் ஒரே திருநெல்வேலிச் சீமைக்குள் இருந்தன.

சங்க காலத்திலேயே முள் இரும்பால் ஆகியிருந்தது. மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்றின் 36ஆம் பாட்டில், வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய வரால் மீன் பொய்கையைக் கலக்கித் திமிறுகிறது. பாண்டிய நெடுஞ்செழியனின் தலையாலங்கானத்து வெற்றியைச் சொல்லும் பாட்டு அது. பாண்டி நாட்டில் இரும்பு வேலை அதைவிடப் பழையது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே தோண்டியபோது, தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகள் வெளிவந்தன. இரும்பைக் காய்ச்சி, வளைத்து, நுனியில் எதிர்முள் எடுக்கத் தெரிந்த கொல்லர் இல்லாமல் தூண்டில் இல்லை. அதனால் மீனவரின் கருவி வரலாறு உலைக்களத்தில் தொடங்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் கடற்கரையைப் பற்றிய ஆவணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி முத்தைப் பற்றியது. கொற்கைத் துறையின் புகழ் முத்தால் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் விவரித்தார். அடுத்து போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆண்டவர்கள் எல்லோரும் முத்துக்குளிப்புக்கும் சங்குகுளிப்புக்கும் கணக்கு வைத்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்த 1961 வரை அந்தக் கணக்கு நீண்டது. முத்து எடுக்காத மாதங்களில், முத்துக்குளித்த மீனவரான பரதவர் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வலையும் தூண்டிலும் அரசுக்கு முத்தளவுக்கு வருமானம் தரவில்லை. ஆகவே ஏட்டில் அதிகம் ஏறவில்லை. தூண்டிலுக்கு முதலும் மிகக் குறைவு. வலையும் வள்ளமும் சொந்தமாக இல்லாதவர்கூட நூலும் முள்ளும் வைத்துப் பிழைக்கலாம். ஏழையின் கருவி என்பதாலேயே அதன் வரலாற்றை எழுதியவர் குறைவு.

ஆற்றுத் தூண்டில் எளிமையானது. மூங்கில் கழி, ஒரு நூல், ஒரு முள், நெட்டித் துண்டோ மயிலிறகுத் தண்டோ கொண்ட மிதப்பு. இவ்வளவுதான். கெண்டைக்குச் சிறிய முள்ளில் மாவு உருண்டை. கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு. வராலுக்கு உயிருள்ள தவளைக்குஞ்சு. விலாங்குக்குக் கழி தேவையில்லை. கரையில் அறைந்த குச்சியில் நூலைக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். நீரோட்டம் மெல்லியது, ஆழம் கொஞ்சம், மீன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் கட்டுமுறை பெரிதாக மாற வேண்டிய அவசியம் இங்கே எழவில்லை.

கடலில் நிலைமை வேறு. இங்கே முதல் சிக்கல் நூல். பருத்தி நூலையோ சணப்பு நாரையோ முறுக்கித்தான் கயிறு செய்தார்கள். பருத்திக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தி திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே கப்பலேறியது. 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை நிறுவினார்கள். தூத்துக்குடியிலும் அவர்களின் ஆலை எழுந்தது. இராட்டையில் கையால் நூற்ற நூலின் இடத்தை ஆலை நூல் பிடித்தது. ஆனால் எந்தப் பருத்தி நூலும் உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்தால் சீக்கிரமே இற்றுப்போகும். அதைத் தடுக்கப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த துவர்ப்புச் சாற்றில் வலையையும் நூலையும் தோய்த்துக் காயப்போட்டார்கள். நூல் கறுத்து விறைப்பாகும், அழுகல் தள்ளிப்போகும். சாயம் வெளுத்ததும் மீண்டும் தோய்க்க வேண்டும். கடலில் கழித்த நேரத்துக்கு நிகராகக் கரையில் நூலோடு கழித்த நேரமும் இருந்தது.

இரண்டாவது சிக்கல் கடலின் அடித்தளம். மன்னார் வளைகுடாவின் இந்தப் பகுதியில் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளும், அவற்றுக்கு நடுவே மணலும் சேறும் மாறிமாறிக் கிடக்கின்றன. பார்மேல் இறக்கும் தூண்டிலில் பாரம் கீழே, முட்கள் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் முள் பாறையில் மாட்டிக்கொள்ளும். பாரத்தை மட்டும் மெல்லிய நூலில் கட்டினால், பாரம் சிக்கும்போது அந்த நூல் அறுந்து மற்றவை மிஞ்சும். மணலில் இறக்கும் தூண்டிலுக்கு இந்த முறை நேர் எதிர். அங்கே இரை தரையோடு கிடக்க வேண்டும். ஆகவே கிளைநூலை நீட்டிக் கட்டி, பாரத்தைத் தாண்டி முள் மணலில் படியும்படி விடுவார்கள்.

அப்படிக் கட்ட வைத்த மீன்களில் முக்கியமானவை தட்டை மீன்கள். நாக்கு மீனும் எருமை நாக்கும் முட்டையிலிருந்து வரும்போது மற்ற மீன்களைப் போலவே இரு பக்கமும் ஒத்துத்தான் இருக்கும். வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்கிறது. பிறகு கண்ணில்லாத பக்கத்தைத் தரையில் கிடத்தி, உடம்பின்மேல் மணலைப் போர்த்திக் காத்திருக்கும். நாக்கு மீனின் வாய் சிறியது, வளைந்தது. மணலில் உள்ள புழுவையும் சிறு கூனிகளையும் தின்னும். அதற்கு மெல்லிய கிளைநூலும் மிகச் சிறிய முள்ளும் வேண்டும். அப்போதும் அது தூண்டிலைவிட வலையில்தான் அதிகம் படும். எருமை நாக்கு வேறு குணம். அரை மீட்டருக்கு மேல் வளரும், அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டது, மீனையே வேட்டையாடும். பருத்தி நூலைப் பல்லால் அறுத்துவிடும். அதற்குப் பெரிய முள், முள்ளுக்கு மேலே சிறிது தூரம் கம்பி, இரையாக முழுச் சாளையோ கணவாய்த் துண்டோ பொருந்தும். தரங்கம்பாடிக் கடலில் கிடைத்த எருமை நாக்கைப் பிளாக், ஷ்னைடர் இருவரின் மீன் நூல் 1801இல் உலகுக்கு அறிவித்தது. சோழமண்டலத்து மீனவர் வழங்கிய ‘எருமெய்’ என்ற பெயரையே அறிவியல் பெயரின் பகுதியாக வைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் கருவிகளை ஏட்டில் ஏற்றும் வேலை தொடங்கியது. சென்னை மாகாண மீன்வளத் துறை 1907இல் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் உருவானது. அதன் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் முத்து, சங்கு ஆய்வுகளோடு நிற்காமல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளையும் 1920களில் துறை வெளியீடாக எழுதினார். கரையோரத்து எளிய கருவிகளை மதித்து, அளந்து, படம் வரைந்து வைத்த முதல் அதிகாரிகளில் அவர் ஒருவர். அந்த உழைப்புக்கு இக்கடற்கரை கடன்பட்டிருக்கிறது. முள்ளும் இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. நார்வேயின் மஸ்டாட் நிறுவனம் 1877இல் முள்ளை இயந்திரத்தில் வளைக்கத் தொடங்கியிருந்தது. கொல்லர் அடித்த முள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும், சில முறை வளைந்தும் போகும். ஆலை முள்ளில் அந்தப் பயமில்லை. எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறிதாகும் கணக்கையும் கடைக்காரரும் மீனவரும் கற்றுக்கொண்டார்கள்.

மிகப் பெரிய மாற்றம் நைலான். 1930களில் அமெரிக்காவில் உருவான இந்த இழை, விடுதலைக்குப் பின் இந்தியக் கரைகளுக்கு வந்தது. 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் செயற்கை இழைகளைச் சோதித்துப் பரப்பியது. நரம்பு, தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நைலான் அழுகாது, தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. பனிச்சங்காய்ச் சாறு தேவையற்றுப் போனது. ஆனால் கை பழகிய முடிச்சு உதவவில்லை. பருத்தி நனைந்தால் ஊதி முடிச்சை இறுக்கும், நைலானோ வழுக்கும். கூடுதலாகச் சில சுற்றுகள் சுற்றி, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்கினால்தான் நிற்கும். நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டில் இழை பலமிழக்கும். ஒரு தலைமுறை முழுதும் இந்த முடிச்சைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அறுந்து கடலடியில் தங்கும் நரம்பு மட்காமல் பார்களில் சுற்றிக்கொண்டு கிடப்பது இதன் மறுபக்கம்.

அடுத்து வந்த விசைப்படகுகளின் இழுவலை இறாலைக் குறிவைத்துத் தரையை வாரியது. தரையோடு கிடக்கும் தட்டை மீன்களுக்கு அதைவிட ஆபத்தான கருவி வேறில்லை. நாக்கு மீன் கூடை கூடையாக வந்திறங்கியது, அதற்கெனத் தூண்டில் கட்டும் தேவை சுருங்கியது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகளுக்குத் தடை விதித்து, அந்தப் பரப்பை வள்ளங்களுக்கு ஒதுக்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகலாம். இன்று தூண்டில் பெரும்பாலும் பார்மீன்களுக்கும் சீலாவுக்கும் இறங்குகிறது. முள், நரம்பு, கம்பி, ஈயம் எல்லாம் கடையில் வாங்கியவை. கிளைநூலின் நீளத்தையும் பாரத்தின் எடையையும் மட்டும் இறங்கப்போகும் இடம் மணலா, சேறா, பாரா என்று பார்த்து இன்னும் கையாலேயே தீர்மானிக்கிறார்கள்.