பள்ளி திறக்கும் நாள்: கருங்குழிச் சீமையிலிருந்து சில குறிப்புகள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் பிள்ளைகளின் தரப்பைச் சேர்ந்தவை. புதுப் புத்தகத்தின் வாசனை, பழுப்புத்தாள் அட்டை, பாட்டி ஊரிலிருந்து திரும்பும் பேருந்து என அந்த நினைவுகளுக்கென்று ஒரு வார்ப்பே உருவாகிவிட்டது. வாசலில் நின்று அனுப்பிவைத்தவர்களின் மனம் அவற்றில் அநேகமாக இல்லை. பெற்றோரின் மனம் எக்காலத்தும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். உண்மையில் அந்த மனத்துக்கும் காலம் உண்டு, இடம் உண்டு, சாதியும் கூலியும் உண்டு. மதுராந்தகத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் கருங்குழியையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துக்கொண்டு இதைச் சற்றே பார்க்கலாம்.

வள்ளலார் தங்கியிருந்த, தண்ணீரில் விளக்கெரிந்த கதையால் அறியப்படும் கருங்குழி வேறு. அது வடலூர்ப் பக்கம். நாம் பேசுவது செங்கல்பட்டுச் சீமையின் கருங்குழி. 1759ஆம் ஆண்டின் இறுதியில், வந்தவாசியைப் பிடித்த கையோடு அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இங்கேதான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில காலம் மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமாகவும் இவ்வூர் இருந்தது. மதுராந்தகம் ஏரிக்கரையோடும் ஏரி காத்த ராமர் கதையோடும் பெயர் ஒட்டிக்கொண்ட லயனல் பிளேஸ் அக்காலத்துக் கலெக்டர்தான். இன்று அதிவேக வாகனங்கள் நிமிஷத்தில் தாண்டிப்போகும் பேரூர் இது.

1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டுக் கலெக்டரின் பதில் 1823 ஏப்ரலில் போயிற்று. 508 பள்ளிகள் என்பது அவர் தந்த கணக்கு. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் வெளியிட்டபின் அவை இரு தரப்பாராலும் விவாத ஆயுதங்களாக ஆக்கப்பட்டன. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றே: இந்த 508 பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை என்ற ஒன்று கிடையாது.

திண்ணைப் பள்ளியின் ஓய்வு நிலாவைப் பார்த்து வந்தது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகியவை விடுமுறை. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் இந்நாட்களை 'வாவு' என்று வழங்கியதைக் குறிக்கிறார். உவா என்பதன் திரிபு அது. சில நாளுக்கொருமுறை பிள்ளை வீட்டில் இருக்கும், பிறகு போய்விடும். இரண்டு மாதம் வீட்டோடு கிடந்து, பழகி, பின் பிரியும் அனுபவம் அன்றைய தாய்க்கு வாய்க்கவே இல்லை. பிரிவென்று ஒன்று இருந்ததென்றால் அது வாழ்நாளில் ஒருமுறை, பிள்ளையை முதன்முதலில் பள்ளியில் வைக்கும் நாளில். பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் அந்தச் சடங்கு வருகிறது. ஆசிரியரும் மற்ற மாணவர்களும் பிள்ளையின் வீட்டுக்கு வந்து, பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அமர்ந்து, புதுப்பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார்கள். பள்ளி வீட்டுக்கு வந்து பிள்ளையை அழைத்துப்போயிற்று என்று சொல்லலாம். கனிவான காட்சிதான்; ஆனால் மறுநாளிலிருந்து நடப்பதையும் கேம்பெல் எழுதியிருக்கிறார். முதலில் வருபவன் கையில் சரஸ்வதியின் பெயர், இரண்டாமவன் கையில் சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். விடியலில் பிள்ளையை உலுக்கி எழுப்பிய தாய்க்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. நாட்டின் வறுமை பெருகியதால் கல்விச் செலவைப் பலராலும் தாங்க இயலவில்லை என்றும், சிறிதளவு வேலை செய்யும் வலு வந்ததுமே பிள்ளைகளின் உழைப்பு குடும்பத்துக்குத் தேவைப்படுகிறது என்றும் அந்த வெள்ளைக்காரர் ஒளிக்காமல் எழுதினார். பிள்ளையின் கை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அதற்குப்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓயவில்லை.

நீண்ட கோடை விடுமுறை ஆங்கிலப் பள்ளிகளோடு வந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியின் கிளைகள் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பரவின. வெயில் நம்முடையது, வெயிலுக்கு அஞ்சி அலுவலை மூடும் வழக்கம் அவர்களுடையது. 1870களிலிருந்து சென்னை அரசாங்கமே கோடையில் உதகைக்கு ஏறிப்போயிற்று. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குவதற்கும் இந்த ஆட்சிச் சக்கரத்துக்கும் உறவுண்டு என்பது நம் ஊகம். எப்படியாயினும், அந்தச் சக்கரம் செங்கல்பட்டின் வயல்களோடு பொருந்தவில்லை. ஏரியில் நீர் மிஞ்சிய ஆண்டுகளில் இப்பகுதியில் சித்திரை, வைகாசியில் சொர்ணவாரிப் பட்டம் தொடங்கும். பள்ளி திறக்கும் ஜூனில் வயலில் நடவும் களையெடுப்பும் இருக்கும். மாடு மேய்க்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உழவர் வீட்டில் கோடையின் முடிவென்றால் ஒரு கை குறைவது.

இக்கதையின் கனத்த பகுதி சேரியில் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். நிலமின்மை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமை, தலைமுறையாகத் தொடரும் படியாள் கடன், கல்வியின்மை எல்லாம் அதில் இடம்பெற்றன. 1892இன் அரசாணையும், இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதும் அதிலிருந்து கிளைத்தவை. பஞ்சமர் கல்விக்கான ஆணை 1893இல் வந்தது. இந்த ஆவணங்களை விரிவாக ஆராய்ந்த ரூபா விஸ்வநாத்தின் நூல் (2014), நில உடைமையாளரின் எதிர்ப்பையும் அதிகாரிகளின் தயக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறது. படியாளின் மகன் பள்ளிக்குப் போனால் மிராசுதாரின் மாட்டை யார் மேய்ப்பது என்ற கேள்வியில்தான் பல பள்ளிகள் பிறந்த இடத்திலேயே செத்தன. மனையிலிருந்தே விரட்டிவிடுவேன் என்று சொல்லக்கூடிய ஒருவரின் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் தகப்பனுக்கு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பிரிவுத் துயரா மகிழ்ச்சியா என்று கேட்பதே பொருந்தாது. அது ஒரு துணிகரம்.

அந்தத் துணிகரம் என்ன கேட்கும் என்பதற்கு மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனே சாட்சி. கோயமுத்தூர்க் கலாசாலையில் படித்தபோது ஏறக்குறைய நானூறு மாணவர்களில் மிகச் சிலர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர் என்று தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் (1939) எழுதியிருக்கிறார். தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபின்பே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு விட்டதும் மாணவர் யாரும் எட்டிப் பேசுமுன் வேகமாக வீடு நோக்கி நடந்துவிடுவாராம். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அவர். பள்ளி மணி ஓசையை இப்படிக் கேட்ட ஒரு பிள்ளையின் தகப்பன் ஒவ்வொரு நாளும் எதை எண்ணி அனுப்பியிருப்பார் என்பதை எவரும் பதிவுசெய்யவில்லை. நம் இலக்கியத்தின் பெரிய இடைவெளிகளுள் இதுவும் ஒன்று.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கவேண்டும். நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதிப்பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்பது அதன் சாரம். எளிமையும் கைத்தொழிலும் குறித்த உண்மையான ஈடுபாடு அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோரின் தொழில் என்பதைச் செங்கல்பட்டுச் சேரியில் நின்று கேட்டால் அது படியாள் வேலை என்றுதான் காதில் விழும். குலக்கல்வி என்ற பெயர் நிலைத்ததும், 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டதும் தற்செயல் அல்ல.

1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆரின் சத்துணவு. (1920இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் நீதிக்கட்சியினர் தொடங்கிய முன்னோடியும் உண்டு.) இவை பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன என்று எல்லோரும் எழுதியாயிற்று. பெற்றோருக்கு ஜூன் மாதத்தின் பொருளையே இவை மாற்றின என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. முன்பு பள்ளி திறந்தால் வீட்டில் ஒரு கை குறையும். இப்போது ஒரு வாய் குறைகிறது. கோடை என்பது பிள்ளை வீட்டிலிருக்கும் இன்பக்காலம் என்ற எண்ணம் அரிசி தீராத வீடுகளுக்கு உரியது. மற்ற வீடுகளில் சித்திரை, வைகாசி என்பது பகலிலும் உலை வைத்தாகவேண்டிய மாதங்கள்.

நடுத்தர வீடுகளின் ஜூன் வேறொரு தினுசு. 1980களுக்குப்பின் நெடுஞ்சாலை நெடுகத் தனியார் பள்ளிகள் முளைத்தபோது, அடகுக்கடை வாசலும் பள்ளிக் கட்டணக் கவுண்டரும் ஒரே வாரத்தில் கூட்டமாயின. கட்டணத்தை வரையறுக்க 2009இல் சட்டமே வேண்டியிருந்தது. பயமும் சேர்ந்துகொண்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளியொன்றின் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்தாள். அதன்பின் வந்த சிறப்பு விதிகளின்படியே கோடையில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தை நாம் புரட்டிவிட்டுப் போகிறோம். பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிடும் தாய் அதை நின்று பார்க்கிறாள்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கும் மேற்பட்ட கோடை அது. அரிசியும் பருப்பும் வீட்டுக்குத் தரப்பட்டன. ஆனால் சமைப்பவர் வேலைக்குப் போயிருந்தால் அரிசி அரிசியாகவே கிடக்கும்.

2023இல் வெயில் தணியவில்லை என்று பள்ளித் திறப்பு இருமுறை தள்ளிப்போயிற்று. ஜூன் தொடக்கத்திலிருந்து 7ஆம் தேதிக்கும், பின்னர் மேல்வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14 என்றும் மாறியது. சரியான முடிவுதான், அந்த வெயிலில் பிள்ளைகளை நடக்கவிட முடியாது. நிம்மதியடைந்த பெற்றோர் பலர். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் விடிகாலையில் கம்பெனி வண்டி ஏறும் பெண்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்குப் பள்ளி திறப்பது என்றால் பிள்ளைக்குக் காலையிலும் மதியத்திலும் யாரோ ஒருவர் தட்டு வைக்கிறார் என்பது. அந்த ஆறுதலை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை போனால் போதும் என்றிருப்பதாக ஊர் பேசும். மே மாதத்தில் அந்தப் பிள்ளை பாட்டியிடமோ, பக்கத்து வீட்டிலோ, அக்காளின் பொறுப்பிலோ இருக்கிறது. அக்காள் என்பவளுக்குப் பன்னிரண்டு வயது.