அதிர்ஷ்டமா, திறமையா? ஒரு பின்பால் மெஷின் சொன்ன சரித்திரம்



மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதிய செயலாளர், "ஏதாவது சரித்திரம் எழுதுங்க, ஆனா போரடிக்காம எழுதுங்க" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சோழர் பல்லவர் பற்றி எழுத நம்மில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நானோ எலெக்ட்ரிகல் படித்துவிட்டு சிகாகோ பக்கம் குடியேறியவன். எனவே இந்த ஊரில் வளர்ந்த ஒரு விளையாட்டு மெஷினின் சரித்திரத்தை எழுதுகிறேன். புத்தகத்தில் படித்ததைவிட, வீட்டு பேஸ்மெண்டில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டதே இதில் அதிகம்.

சின்ன வயதில் நம்மில் பலர் பாகடெல் போர்டு ஆடியிருப்போம். ஆணி அடித்த பலகை, ஸ்பிரிங், சின்ன குண்டுகள். பின்பால் அதற்குப் பெரியண்ணன். கால் வைத்த மரப்பெட்டி, கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை, உருண்டு இறங்கும் எஃகு குண்டு. அது கீழே விழாதபடி இரண்டு பக்கமும் பட்டனை அழுத்தி, 'ஃப்ளிப்பர்' என்ற சின்ன மட்டைகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும்.

பாகடெல் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பிரபலமான விளையாட்டு. அதற்கு ஸ்பிரிங் வைத்து 1871-இல் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியவர் மாண்டேகு ரெட்கிரேவ். 1931-இல், பொருளாதார மந்தத்தில் நாடே தவித்த நேரத்தில், சிகாகோவின் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற மெஷினைக் கொண்டுவந்தார். விலை பதினேழரை டாலர். ஒரு சென்ட் போட்டால் ஆடலாம். வேலையில்லாதவனுக்கும் கட்டுப்படியான பொழுதுபோக்கு. ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

அப்போது ஃப்ளிப்பர் கிடையாது. ஸ்பிரிங்கை விட்டபின் குண்டு போன வழி போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதிக ஸ்கோர் எடுத்தவருக்குக் கடைக்காரர்கள் பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். வந்தது வம்பு! 'இது சூதாட்டம்' என்று 1942-இல் நியூயார்க் மேயர் லா கார்டியா தடை போட்டார். மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மெஷின்கள் தயாரான சிகாகோவிலேயே 1970-கள் வரை தடை இருந்தது என்றால் பாருங்களேன்.

இனி என் மெஷினுக்கு வருகிறேன். காட்லீப் கம்பெனி 1976-இல் வெளியிட்ட 'ராயல் ஃப்ளஷ்'. நான்கு பேர் ஆடலாம். சீட்டுக்கட்டுப் படங்கள். உள்ளே ஒரு மைக்ரோ சிப் கிடையாது. எல்லாம் ரிலே, காயில், மோட்டார், மைல் கணக்கில் இருக்கும் போலத் தோன்றும் ஒயர். எனக்கு வந்தபோது விளக்கு மட்டும் எரிந்தது. என் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு சின்ன போர்டு வெச்சா நாலு நாள்ல ஓடும்" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால் சர்க்யூட் டயகிராமை விரித்துவைத்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்கப் பார்க்க, எனக்கு வேறொன்று புலப்பட்டது: இந்தப் பெட்டிக்குள் இருப்பதில் பாதி அந்தப் பழைய வழக்குக்கான பதில்கள்.

ஃப்ளிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் காட்லீப்பின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் ஹாரி மாப்ஸ் கொண்டுவந்தது. அதன் காயிலில் இரண்டு சுற்று: கனமான கம்பி அடிப்பதற்கு, மெல்லிய கம்பி பிடித்து நிறுத்துவதற்கு. மட்டை முழுக்க உயர்ந்ததும் ஒரு ஸ்விட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் தொடரில் சேர்த்துக் கரண்டைக் குறைக்கிறது. இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். இதனால்தான் குண்டை மட்டையில் தாங்கி நிறுத்தி, குறி பார்த்து அடிக்க முடிகிறது. 'இது திறமை' என்ற வாதமே அந்த மெல்லிய கம்பியில்தான் தொங்குகிறது!

அடுத்தது 'டில்ட்'. பெட்டியை ஆட்டி ஏமாற்றுபவர்களைப் பிடிக்க, ஒரு வளையத்துக்குள் தொங்கும் தூக்குக்குண்டு. வளையத்தைத் தொட்டால் ஆட்டம் போச்சு. ஹாரி வில்லியம்ஸ் 1930-களில் தொடங்கிவைத்த தந்திரம் இது. பரிசுப் பணத்துக்குப் பதிலாக ஃப்ரீ கேம் வந்தது. சில மாநிலங்களில் அதுவும் 'மதிப்புள்ள பொருள்' என்று கோர்ட்டுக்குப் போனது. அதனால் 1960-இல் 'ஃப்ளிப்பர்' என்ற பெயரிலேயே வந்த காட்லீப் மெஷினில், ஃப்ரீ கேமுக்குப் பதில் கூடுதல் குண்டு கொடுத்தார்கள்.

ரிப்பேர் வேலை பொறுமைக்குப் பரீட்சை. ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. ஒவ்வொன்றையும் கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினேன். நூற்றுக்கணக்கான கான்டாக்ட்களை மெல்லிய அரத்தால் ஒரு தடவை இழுத்து, இடைவெளி சரிபார்த்தேன். காயில் குழல்களும் ரப்பர் வளையங்களும் புதிது. ஒரு இடத்தில் ஸ்கோர் நிற்காமல் ஓடியது. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்த நம்ம பேட்ச் நண்பனுக்கு போன் போட்டேன். "அட, இது நம்ம ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுக்குத் தம்பிடா! முதல்ல ரீசெட் கான்டாக்டைப் பாரு" என்றான். பார்த்தேன், நின்றது. கடல் தாண்டியும் கல்லூரிப் படிப்பு உதவுகிறது.

என் மெஷின் வெளிவந்த அதே 1976-இல் நியூயார்க் தடையும் நீங்கியது. ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர சபைக்குழு முன்னால் ஆடிக் காட்டினார். முதல் மெஷின் மேல் சந்தேகப்பட்டு, துணைக்கு வைத்திருந்த இன்னொன்றில் ஆடச் சொன்னார்கள். "இப்போது விடும் குண்டு நடு வழியில் இறங்கும்" என்று சொல்லி ஸ்பிரிங்கை இழுத்தார். அப்படியே இறங்கியது. தடை போச்சு. அந்த ஒரு ஷாட் அதிர்ஷ்டத்தால் அமைந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்! திறமையை நிரூபிக்க அதிர்ஷ்டம் கைகொடுத்தது.

அதனால்தான் போர்டு வைக்க மனம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் என் மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். நம் ஸ்கோரின் கடைசி எண்கள் அதோடு ஒத்துப்போனால் மரத்தில் 'டக்' என்று ஓர் அடி, ஒரு ஃப்ரீ கேம். அது முழு அதிர்ஷ்டம். பக்கத்திலேயே ஃப்ளிப்பர் காயில், அது முழு உழைப்பு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. நம் வாழ்க்கைக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் என்று, ஐம்பது அறுபது பேர் கூடும் நம் சங்கத்தில் நான் சொல்லியா தெரிய வேண்டும்?

காட்லீப் வழிவந்த கம்பெனி 1996-இல் மூடப்பட்டது. வில்லியம்ஸ் 1999-இல் பின்பாலை நிறுத்தியது. ரிலேயைக் காதால் கேட்டே பழுது சொல்லும் மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள். என் மகனுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவன் போர்டு பற்றிப் பேசுவதில்லை.

சிகாகோ பக்கம் வந்தால் வாருங்கள். காபியும் உண்டு, ஆட்டமும் உண்டு. பெட்டியை மட்டும் ஆட்டாதீங்க. தூக்குக்குண்டு யாரையும் மன்னிக்காது.