படக்கதை விளையாட்டுகள்: கருவிகளின் வரலாறும் தமிழ்க் கதைமூலங்களும்

படக்கதை விளையாட்டு என்பது, படங்களோடு கூடிய ஒரு கதையை வாசிப்பவரே ஆங்காங்கே முடிவெடுத்து நகர்த்திச் செல்லும் கணினி விளையாட்டு ஆகும். ஓடுவது, சுடுவது, குதிப்பது ஆகியவற்றுக்கு இதில் முதன்மை இல்லை. வாசிப்பதும் தேர்ந்தெடுப்பதுமே விளையாட்டு. கதை சொல்பவர் ஒருவரும் படம் வரைபவர் ஒருவரும் சேர்ந்தால், பெரிய முதலீடு இல்லாமல் இத்தகைய விளையாட்டை உருவாக்கிவிட முடியும். ஆனால் தமிழில் இதைச் செய்ய முனைபவர் தொடக்கத்திலேயே இரண்டு கேள்விகளைச் சந்திக்கிறார். எந்தக் கருவியில் செய்வது? கதையை எங்கிருந்து எடுப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் உலகம் கண்ட விடைகளையும், அவை தமிழுக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

இவ்வகை விளையாட்டுகளின் மூலம் ஒரு குகை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைத் தொடரில் ஏறி இறங்கிப் பழகிய வில் குரோதர் என்ற கணிப்பொறியாளர், 1976 வாக்கில் அக்குகையை அடிப்படையாக வைத்துத் தம் மகள்களுக்காக ஒரு விளையாட்டை எழுதினார். அதில் படம் கிடையாது. கணினி இடத்தை வருணிக்கும். விளையாடுபவர் ஓரிரு ஆங்கிலச் சொற்களைத் தட்டச்சு செய்து கட்டளையிடுவார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். 'அட்வென்ச்சர்' என்ற அவ்விளையாட்டின் பெயரே பின்னாளில் ஒரு வகைமையின் பெயராயிற்று.

படம் சேர்ந்தது 1980-இல். ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் இணையர் ஆப்பிள் 2 கணினிக்காக 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். குகை விளையாட்டும் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதையும் ராபர்ட்டாவுக்குத் தூண்டுதலாக இருந்தன. வரைபலகை ஒன்றைக் கொண்டு அவரே கோட்டுப் படங்களை வரைந்தார். குழந்தை வரைந்ததைப் போன்ற எளிய படங்கள்தாம். ஆயினும் வாசகர் தாம் நிற்கும் அறையைக் கண்ணால் பார்த்த முதல் கதை விளையாட்டு அதுவே.

இதே காலத்தில் அச்சிலும் ஒரு முயற்சி நடந்தது. 'குகைக்குள் போவதானால் இந்தப் பக்கத்துக்குப் போ, திரும்புவதானால் அந்தப் பக்கத்துக்குப் போ' என்று வாசகரையே முடிவெடுக்கச் செய்யும் சிறுவர் நூல் வரிசையை அமெரிக்கப் பதிப்பகமொன்று 1979-இல் தொடங்கியது. எட்வர்ட் பேக்கர்ட் எழுதிய நூலே அதில் முதலாவது. இன்று திரையில் நாம் தொடும் தெரிவுப் பொத்தானுக்கு இந்த நூல்களே முன்மாதிரி.

தட்டச்சுக் கட்டளையிலிருந்து தெரிவுக்கு

ஆங்கிலத்தில் 'திற பெட்டி' என்ற சொல் வரிசையில் கட்டளை அமைகிறது. பெயர்ச்சொல் உருமாறுவதில்லை. எனவே இரண்டு சொற்களை அகராதியில் தேடிப் பார்த்தாலே கணினிக்குப் பொருள் புரிந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. 'பெட்டியைத் திற' என்னும்போது வேற்றுமை உருபும் வலிமிகுதலும் வந்து சேர்கின்றன. 'மரம்' என்பது 'மரத்தில் ஏறு' என்னும்போது 'மரத்து' என்று சாரியை பெறுகிறது. 'வீடு' என்பது 'வீட்டுக்குள்' என்றும், 'ஆறு' என்பது 'ஆற்றை' என்றும் இரட்டிக்கின்றன. பள்ளியில் படிக்கும் புணர்ச்சி விதிகளையெல்லாம் கணினிக்குக் கற்பித்தாலன்றித் தட்டச்சுக் கட்டளை தமிழில் இயங்காது. விளையாடுபவர் ஒரு ஒற்றெழுத்தை விட்டுவிட்டால்கூட 'புரியவில்லை' என்ற பதிலே வரும்.

இந்தச் சங்கடம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் யூஜி ஹோரி 1983-இல் 'போர்டோப்பியா' என்ற துப்பறியும் விளையாட்டைத் தட்டச்சுக் கட்டளை முறையிலேயே வெளியிட்டார். 1985-இல் அதே விளையாட்டு, விசைப்பலகை இல்லாத வீட்டு விளையாட்டுப் பொறிக்கு வந்தபோது, கட்டளைகள் பட்டியலாகத் திரையில் காட்டப்பட்டன. விளையாடுபவர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். ஜப்பானியக் காட்சிப் புதினங்கள் என்ற பெரும் மரபு வளர்ந்ததற்கு இம்மாற்றமும் ஒரு காரணம். தமிழில் செய்ய விரும்புவோருக்கும் இதுவே நல்ல வழி. கட்டளையை எழுதச் சொல்லாமல், தெரிவுகளைத் திரையில் கொடுத்துவிடலாம்.

இன்றைய கருவிகள்

தெரிவு முறையில் கதை அமைக்கும் இலவசக் கருவிகள் பல இன்று உள்ளன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

ட்வைன்: கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்டார். கதையின் ஒவ்வொரு பகுதியும் திரையில் ஒரு கட்டமாகத் தெரியும்; கட்டங்களை அம்புக்குறிகள் இணைக்கும். நிரலெழுதத் தெரியாதவரும் ஒரே நாளில் பழகிக்கொள்ளலாம். முடிந்த விளையாட்டு வலைப்பக்கக் கோப்பாகக் கிடைப்பதால், இணைய உலாவி உள்ள எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'பேண்டர்ஸ்னாட்ச்' என்ற தெரிவுத் திரைப்படத்தின் கதைக் கிளைகளும் இக்கருவியிலேயே திட்டமிடப்பட்டன.

ரென்பை: டாம் ரோத்தமல் 2004-இல் தொடங்கியது. காதல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் பைத்தான் என்ற நிரல்மொழியின் பெயரையும் சேர்த்துப் பெயரிடப்பட்டது. பின்னணிப் படம், அதன்மேல் கதைமாந்தர் உருவம், கீழே உரையாடல் என்ற அமைப்புக்கு ஏற்றது. கணினிக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் செயலியாக மாற்றித் தரும். 2017-இல் புகழ்பெற்ற 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' இதில் உருவானது.

இங்க்: இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் தன் தேவைக்காக உருவாக்கி, 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட எழுத்து முறை. ஜூல்ஸ் வெர்னின் புதினத்தைத் தழுவி மேக் ஜெயந்த் எழுதிய '80 டேஸ்' (2014) இதில் அமைந்தது. கிளைகள் மிகப் பலவாக உள்ள நீண்ட கதைகளுக்கு ஏற்றது.

தமிழ் எழுத்தும் கருவியும்

ஒரு கருவி நல்லதா என்பது வேறு, அது தமிழைச் சரியாகக் காட்டுமா என்பது வேறு. ஒருங்குறியில் 'தேர்' என்ற சொல் முதலில் 'த', அடுத்து ஏகாரக் குறி, பிறகு 'ர்' என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது இரட்டைக் கொம்பு 'த'வுக்கு முன்னால் நகர வேண்டும். இந்த இடமாற்றத்தை அறியாத கருவி, சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். அப்போது கொம்பு அடுத்த எழுத்தான 'ர்' உடன் ஒட்டிக்கொள்ளும். 'மலை' என்ற சொல்லில் சங்கிலிக் கொம்பு கடைசியில் தனியே தொங்கும். 'கு', 'டு', 'மு' போன்ற உகர எழுத்துகளும் தத்தம் வடிவம் பெறாமல் சிதையும்.

இணைய உலாவிகள் இவ்வேலையைச் சரியாகச் செய்கின்றன. ஆகவே ட்வைனிலும், வலைப்பக்கமாக வெளியிடப்படும் இங்க் கதைகளிலும் சிக்கல் இல்லை. ரென்பை, 2023-இல் வந்த 8.1 பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த கொடோ 4 என்ற விளையாட்டுப் பொறியும் இத்தகைய எழுத்துகளுக்கு இடமளித்தது. யூனிட்டி பொறியின் பரவலான உரைக் கூறு இதைத் தானாகச் செய்வதில்லை. அதனால் ஒருங்குறி உரையைப் பழைய எழுத்துரு முறைக்கு மாற்றிக் காட்டும் குறுக்குவழியைச் சிலர் கையாள்கின்றனர். திஸ்கி போன்ற பழைய குறியீட்டு முறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன என்பதே இக்குறுக்குவழி பலிப்பதற்குக் காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றச் செய்வது இவ்விளையாட்டுகளில் வழக்கம். 'கொ' என்பது கணினிக்கு இரண்டு குறிகள், வாசகருக்கு ஓரெழுத்து. குறி குறியாகக் காட்டினால் 'க' முதலில் தோன்றிப் பிறகு 'கொ' என்று மாறும். கண் உறுத்தும். இதைத் தவிர்க்க, சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ தோன்றச் செய்யலாம்.

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன், 'கொக்கு மீனைக் கௌவிக்கொண்டு வேலியோரம் பறந்தது' என்பது போன்ற ஒரு வாக்கியத்தை அதில் இட்டுப் பார்ப்பது நல்லது. கொம்பு, கால், உகரம் எல்லாம் அதில் அடங்கியுள்ளன. அந்த ஒரு வரி சரியாக வந்தால் பெரும்பாலும் முழுக் கதையும் சரியாக வரும். பாதிக் கதை எழுதிய பிறகு எழுத்துச் சிதைவைக் கண்டுபிடித்தால், ஆங்கிலத்திலேயே முடித்துவிடலாம் என்ற சோர்வு வந்துவிடும். தமிழில் விளையாட்டுகள் அருகியிருப்பதற்கு இச்சோர்வும் ஒரு காரணமே.

கதைமூலங்கள்

படமும் தெரிவும் கலந்த கதை மரபு தமிழருக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடும் பரமபதப் படத்தில், நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் வரையப்பட்டிருக்கும். ஆனால் அங்கே வழியைத் தீர்மானிப்பது தாயம். ஆடுபவரின் முடிவு அன்று.

முடிவெடுக்கும் பொறுப்பு விக்கிரமாதித்தன் கதையில் வருகிறது. வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, இறுதியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும்; பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். விளையாட்டு அமைப்பாளர் ஒருவர் இதைவிட இறுக்கமான ஒரு தெரிவைக் கற்பனை செய்ய முடியாது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழில், தோளில் உடலும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்தார். பல தலைமுறைகளின் நினைவில் அக்கதை அந்தப் படமாகவே நிற்கிறது.

சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவை படத்தோடு கதை படிக்கும் பழக்கத்தை வளர்த்தன. குறைந்த சொற்களில் உரையாடல் அமைப்பது எப்படி என்பதை இவற்றிலிருந்து கற்கலாம்.

மூலத்தை எடுக்கும்போது உரிமையையும் கவனிக்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. 'பொன்னியின் செல்வன்' கதையை யாரும் விளையாட்டாக்கலாம். ஆனால் அத்தொடருக்கு 1950-54 ஆண்டுகளில் மணியம் வரைந்த ஓவியங்கள் வேறு. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். மணியம் 1968-இல் மறைந்ததால் அவ்வுரிமை 2028 இறுதி வரை உண்டு. கதை பொதுவாகிவிட்டது என்பதால் படமும் பொதுவாகிவிடாது.

வெண்பா

தமிழ் வாழ்க்கையிலிருந்து எழுந்து உலகக் கவனம் பெற்ற படக்கதை விளையாட்டு 'வெண்பா'. கனடாவின் டொரண்டோவிலுள்ள விசை கேம்ஸ் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. தாயார் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்து இட்லி, புட்டு முதலியவற்றைச் சமைப்பதே விளையாட்டு. அழிந்த எழுத்தை மீட்கும் அந்த வேலை, பிள்ளை மறந்துவரும் மொழியையும் சேர்த்துக் குறிக்கிறது. 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் இது பெற்றது. அரண்மனையும் போரும் இல்லாமல், ஓர் அடுக்களையே போதுமான கதைக்களம் என்பதை 'வெண்பா' காட்டியது.

சேத்தியாத்தோப்பு வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

குரோதர் தாம் நடந்த குகையிலிருந்து தொடங்கினார். அதே முறையைக் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஊரருகே வெள்ளாறும் அதன் அணைக்கட்டும் உள்ளன. பக்கத்திலேயே வீராணம் ஏரி. முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் அமைந்த இந்த ஏரிக்கரையில்தான், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வர, 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிறது.

அருகிலுள்ள விருத்தாசலத்துக்கு வேறொரு கதை உண்டு. சுந்தரர் அங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சு வழக்கை இதனோடு இணைத்துச் சொல்வர். ஓரிடத்தில் விட்ட பொருள் வேறிடத்தில் கிடைப்பது, கதை விளையாட்டுகளில் இன்றும் விரும்பிக் கையாளப்படும் புதிர்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கும் பொம்மைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். 1996-இல் வெளிவந்த 'நெவர்ஹுட்' என்ற விளையாட்டின் உலகம் முழுவதும் களிமண்ணால் செய்து படம்பிடிக்கப்பட்டது. வரையக் கைவராதவர்கள் பொம்மைகளை அடுக்கிப் படமெடுத்தும் காட்சிகளை அமைக்கலாம் என்பதற்கு அது சான்று.

தேர்வின் வரிசை

இவ்வரலாற்றிலிருந்து ஒரு வரிசை தெளிவாகிறது. முதலில் தமக்குத் தெரிந்த ஓரிடத்தையும், அங்கே ஒருவர் எடுக்க வேண்டிய கடினமான ஒரு முடிவையும் கண்டுகொள்ள வேண்டும். பிறகு கிளைகளைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தெரிவும் இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால், 5 படிகளில் 32 முடிவுகளும் 10 படிகளில் 1,024 முடிவுகளும் எழுத வேண்டியிருக்கும். எனவே பிரிந்த வழிகள் மீண்டும் ஓரிடத்தில் கூடுமாறு அமைப்பதே நடைமுறை. அதன் பிறகே கருவி. சிறிய கதைக்கு ட்வைன், உருவங்களும் உரையாடலும் மிகுந்ததற்கு ரென்பை, கிளை மிகுந்ததற்கு இங்க் என்று கொள்ளலாம்.

கருவிகள் இலவசமாகவும், கதைகள் ஏராளமாகவும் உள்ளன. எழுத்துச் சிக்கலும் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டுமே விளையாடிப் பழகிவரும் பிள்ளைகளுக்கு, வேதாளத்தின் கேள்வியைத் தமிழில் கேட்டுத் தமிழில் விடை சொல்லும் வாய்ப்பை உருவாக்குவது இனி மாணவர்கள் கையில் உள்ளது.