இரும்புக்கையும் புலிக்குத்திக்கல்லும்

சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலக்கதை 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் ஆரம்பித்தது. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் ப்ளாஸ்கோ. நாயகன் மேல் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

எங்க செட்டுப் பசங்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதிகம் வரைந்தது இந்தக் கையைத்தான். வரைய சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்குன்னு தோணுது. முகம் இல்லை, தோல் நிறம் இல்லை. வெறும் கை என்றால் அது யாருடையதாகவும் இருக்கலாம், அமராவதி நகர்ப் பையனுடையதாகவும்.

மற்ற நாயகர்களிடம் இந்த வசதி கிடையாது. லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேண்டம், ராணி காமிக்ஸில் நமக்கு 'முகமூடி வீரர் மாயாவி'. காட்டைக் காப்பவன், ஆனால் தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரன். அவன் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால் இந்திரஜால் காமிக்ஸ் அதை 'டெங்காலி' என்று மாற்றியது. ஊர் பெயர் மாறியது, ஆள் மாறவில்லை. 1976-ல் அதே இந்திரஜாலில் ஆபித் சுர்தியின் 'பகதூர்' வந்தான். குர்தா, ஜீன்ஸ், எதிரிகள் நம்ம நாட்டுக் கொள்ளையர்கள்.

நம்ம கொங்குப் பக்கம் இதைவிடப் பழைய நாயகன் ஒருத்தன் உண்டு. மாட்டைக் காக்கப் புலியோடு மோதி இறந்தவனுக்கு வைத்த நடுகல்தான் புலிக்குத்திக்கல். ஒரே ஒரு காட்சி: புலி எழுந்து பாயும், வீரன் ஆயுதத்தைச் செருகுவான். பல கற்களில் எழுத்தே இருக்காது, படம்தான் கதை. கர்நாடகத்தில் மூன்று அடுக்கு நடுகற்கள் நிறைய: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் தூக்கிப் போவது, மேலே சிவலிங்கத்தின் முன். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய காமிக்ஸ்!

சொந்தமாக நாயகனை வரைய நினைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. சூப்பர்மேனுக்கு வேட்டி கட்டிவிட்டால் அவன் நம்மாள் ஆகிவிட மாட்டான். கல்லில் நிற்பவன் உலகத்தைக் காக்கவில்லை, ஊர் மாட்டைக் காத்தான். அதனால்தான் ஊர் அவனைக் கும்பிட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த ஆற்றைக் காக்க நிற்பவள் எப்படி இருப்பாள்? உடையை அப்புறம் பார்க்கலாம். எதைக் காக்கிறாள் என்பதை முதலில் வரைங்க.