பழி விழுந்த பற்றவைப்பு

நம் எலக்ட்ரானிக்ஸ் லேபின் ஜன்னலோர மேசையில் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்புகள் இருந்தன. அதில் பாதி எங்கள் கைங்கரியம். 2011-இல், இறுதியாண்டில், நாங்கள் நாலு பேர் சொந்தமாக ஒரு சிந்தசைசர் செய்தோம். கலைவிழா மேடையில் அது எங்கள் மானத்தை வாங்கிய கதைக்கு முன், அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ராபர்ட் மூக், சிறுவயதில் அப்பாவோடு சேர்ந்து, தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவியைச் செய்து பழகியவர். 1961-இல் 'எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு' இதழில் டிரான்சிஸ்டர் தெரமின் பற்றி எழுதி, 49.95 டாலருக்கு அதன் கிட்டையும் விற்றார். சுமார் ஆயிரம் கிட் போனது. வாங்கியவர்கள் வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டார்கள். 1964-இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தன் சிந்தசைசரை உருவாக்கினார். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்பது அவர் கணக்கு. 1969-இல் ஒரு மூக் கருவி அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கும் வந்து சேர்ந்தது.

விலையோ சாமானியனுக்கு எட்டாது. அதனால்தான் கிட்டுக்கு மவுசு. ஜான் சைமன்டன் 1967-இல் ஓக்லஹோமாவில் 'பையா' நிறுவனத்தைத் தொடங்கினார். 1972 முதல் பெர்னி ஹட்சின்ஸ் 'எலக்ட்ரோநோட்ஸ்' மடலில் சர்க்யூட்டுகளை ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். இங்கிலாந்தில் 1978-இல் டிம் ஆர் வடிவமைத்த 'டிரான்சென்டென்ட் 2000' வந்தது. ஜாய் டிவிஷன் குழுவின் பெர்னார்ட் சம்னர் அந்தக் கிட்டைத் தானே பற்றவைத்து வாசித்தவர்.

இனி எங்கள் கதை. ஏ.சி. லேபில் சுருதி சுத்தமாக இருந்தது. மறுநாள் வெயிலில் மேடை ஏறினால், மேலே போகப் போக சுருதி இறங்கிப்போச்சு. கூட்டம் சிரித்தது. "உன் டிரை சால்டர்தான்டா காரணம்!" என்று, பற்றவைத்த நண்பனை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவன் பேசவே இல்லை. அன்று ராத்திரி அத்தனை இணைப்பையும் மறுபடி சூடாக்கினான். பலன் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பழைய சர்க்யூட்டுகளைப் படித்தபோதுதான் உறைத்தது. ஒரு ஸ்தாயி ஏற, டிரான்சிஸ்டர் ஜோடிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் வேண்டும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அது முந்நூறில் ஒரு பங்கு கூடும். 25 டிகிரியில் சரிசெய்த கருவி 35 டிகிரிக்குப் போனால், இரண்டு ஸ்தாயி மேலே உள்ள ஷட்ஜம், காகலி நிஷாதத்தை நெருங்கிவிடும்! இதைச் சமாளிக்கத்தான் அந்தக் காலத்துக்காரர்கள், சூட்டோடு சேர்ந்து மதிப்பு ஏறும் 3300 பி.பி.எம். ரெசிஸ்டர் ஒன்றை டிரான்சிஸ்டர்மேல் ஒட்டிவைத்தார்கள். அது ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை என்று, "சாதா ரெசிஸ்டர் போதும்டா" எனச் சொன்னது யார்? சாட்சாத் நான்தான்.

அப்புறம் அந்த ரெசிஸ்டரைத் தேடி வாங்கி, நானே மாற்றினேன். இப்போது மொட்டைமாடி வெயிலிலும் சுருதி நிற்கிறது. பிரித்துப் பார்த்தபோது கவனித்தேன், நண்பனின் இணைப்புகள் ஒவ்வொன்றும் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன.

லேபில் இருக்கும் தம்பி, தங்கைகளே, பழுது வந்தால் முதலில் மீட்டரை வையுங்கள், ஆளைக் கை காட்டாதீர்கள்.

நண்பா, இந்தச் சந்திப்புக்கு அந்தக் கருவியோடு வருகிறேன். நீதான் முதலில் வாசிக்கணும்.