கல்லில் நின்ற பெயர்கள்

இறந்தவருக்குக் கல் நாட்டுவது தமிழருக்குப் புதிதன்று. வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படிகளாக வகுத்துள்ளது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நாட்டி, படையலிட்டு வாழ்த்துவதுவரை அது செல்கிறது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'ஆகோள்' என்ற சொல் காணப்படுகிறது. ஆநிரை கவர்தலுக்குத் தொல்காப்பியர் ஆண்ட அதே சொல் இது. வெட்சித்திணை படிப்பிக்கும் என் போன்ற ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்று வேறு வேண்டுமா?

இனி, கடல் கடந்து பார்ப்போம். இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களில் சுவரோரம் கற்சிலைகள் படுத்திருக்கும். கவசம் பூண்ட கணவன், அருகே மனைவி. இருவர் கைகளும் குவிந்தபடி. காலடியில் ஒரு நாய். பீடத்திலே பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிட்டிருப்பர். ஊரின் நிலம் எந்தக் குடும்பத்தின் கையில் இருந்ததோ, அந்தக் குடும்பமே தேவாலயத்திலும் தலைமுறை தலைமுறையாக இடம் பிடித்துக்கொண்டது. நடுகல், ஊரைக் காத்தவனுக்குப் பிறர் எடுத்த கல். இதுவோ குடும்பம் தனக்குத் தானே எடுத்துக்கொண்டது.

ஐரோப்பியரின் இவ்வழக்கம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கொழும்பில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். நரிகள் திரிந்த இடத்தை ஒல்லாந்தர் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்றனர், அப்பெயரே நிலைத்தது. பிரித்தானியர் காலத்தில், 1813ஆம் ஆண்டு, கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகள் சிலரின் எச்சங்களும் கல்லறைக் கற்களும் இங்கு கொண்டுவரப்பட்டன. குலச்சின்னம், மண்டையோடு, மணற்கடிகாரம் முதலியன ஒல்லாந்தர் கல்லறைகளில் வழக்கமாகச் செதுக்கப்பட்டவை. பதவி எத்தனை பெரிதாயினும் காலம் வடிந்துவிடும் என்பதே அவற்றின் பொருள். நிலையாமை பாடிய நம் புலவர்களுக்கு இது அந்நியமான பேச்சல்ல.

குடும்பம், மதம் என்ற எல்லைகளைத் தாண்டிய கல்லும் உண்டு. தஞ்சாவூர்க் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. 1798இல் காலமான சுவார்ட்ஸ் பாதிரியாருக்காக, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலேயச் சிற்பி ஜோன் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது அது. மரணப்படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். கல்லறைக்கான இரங்கற் பாவையும் மன்னரே ஆங்கிலத்தில் இயற்றினார். சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தவர். தம்மை ஆளாக்கிய ஆசானுக்கு நன்றி சொல்ல அவருக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் கல்லும் நிலையானதன்று. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம், 1990இல் மூண்ட போரில் இடிந்து அழிந்தது. அங்கிருந்த கல்லறைகளும் சிதைந்தன. எனினும் அவற்றின் வாசகங்கள் அழியவில்லை. ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி, இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் நூலாக வெளியிட்டிருந்தார். கல் தோற்ற இடத்தில் காகிதம் காத்தது.

இந்தச் செய்தி நம் கரைக்கு வெகு நெருக்கமானது. மருதமுனையின் மையவாடிகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் நட்டிருப்பார்கள். ஆடம்பரம் வேண்டாம் என்ற மார்க்க நெறியால் பல மீசான்களில் பெயரும் இராது. உறவினரின் நினைவே அங்கு கல்வெட்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோதோ, கிழக்குக் கரையில் அந்த உறவினரையும் சேர்த்தே அலை கொண்டுபோன வீடுகள் பல. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமின்றி எத்தனையோ பேர் அவசரமாக, கூட்டாகப் புதைக்கப்பட்டனர். இது இன்னாருடைய குழி என்று காட்ட ஒரு கல்லும் இல்லை.

அவர்களுக்குச் சலவைக்கல் எழுப்ப நம்மால் இயலாமற் போகலாம். ஒரு கொப்பி போதும். இறந்தவரின் பெயர், தாய் தந்தையர் பெயர், வயது, செய்த தொழில், வாழ்ந்த ஒழுங்கை ஆகியவற்றை ஊர் ஊராகக் கேட்டு எழுதிவிடலாம். எழுத்தறிந்த ஒவ்வொருவருக்கும், குறிப்பாக எம் மாணவருக்கு, இது இயன்ற பணி. சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.