காசும் ‘கேஷும்’: ஒரு சொல்லின் இரு பிறப்பு

ஆங்கில மொழியில் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களுள் ‘கேஷ்’ என்பது ஒன்று. ரொக்கப் பணம் என்னும் பொருளில் அது தமிழ்நாட்டுக் கடைத்தெருவிலும் இயல்பாக வழங்குகின்றது. இச்சொல் நம் ‘காசு’ என்பதன் திரிபே என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. மேடைகளிலும் கட்டுரைகளிலும் முடிந்த முடிபாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. ஒலியும் பொருளும் ஒத்து நிற்றலின் அவ்வாறு கருதுதல் இயல்பே. ஆயினும், இவ்விரு ஒப்புமைகளும் சொற்பிறப்பை நிறுவப் போதா. ஒரு சொல் எக்காலத்தில், எவ்வழியாக, என்ன பொருளோடு ஒரு மொழியுட் புகுந்தது என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றுகளை ஈண்டு முறையே ஆராய்வோம்.

‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கத்தில் பணம் என்பது மட்டுமே பொருளாக இருந்ததில்லை. வணிகர் பணம் வைக்கும் பெட்டியையும் அது குறித்தது. ஜான் புளோரியோ என்பார் 1598ஆம் ஆண்டில் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியில், பெட்டியைக் குறிக்கும் ‘காஸ்ஸா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, வணிகரின் ‘கேஷ்’ என்பதையும் தருகின்றார். இத்தாலியக் ‘காஸ்ஸா’, பிரெஞ்சுக் ‘கெஸ்’ ஆகிய இரண்டும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. உரோமர் தம் ஏட்டுச் சுருள்களை இட்டுவைத்த பெட்டிக்குக் ‘காப்சா’ என்பது பெயர். கொள்ளுதல் என்னும் பொருளுடைய ‘காபெரே’ என்ற வினையடியாக அது பிறந்தது. ‘கொள்’ என்னும் வினையடியாகக் ‘கொள்கலம்’ என்னும் பெயரைத் தமிழ் ஆக்கிக்கொண்டமை இதனோடு ஒப்பிடத் தகும். ஆங்கிலத்தில் உறையையும் பெட்டியையும் குறிக்கும் ‘கேஸ்’, மருந்துக்கூட்டைக் குறிக்கும் ‘காப்சூல்’ ஆகியனவும் இக்குடியைச் சார்ந்த சொற்களே.

பெட்டியின் பெயர் பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆகிவந்தது. நம் இலக்கண மரபில் இதனை இடவாகுபெயர் என்போம். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இச்சொல்லுக்குப் பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை மூலமாகக் காட்டிவிட்டு, பொருளாகப் பணத்தையே கூறுகின்றது. நாளடைவில் பெட்டி என்னும் முதற்பொருள் வழக்கொழிய, ஆகுபெயர்ப் பொருளே நிலைபெற்றது. தமிழ்க் ‘காசு’க்கோ பெட்டி என்னும் பொருள் இல்லை. ஆகவே, ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றது என்பதற்கு இடமில்லை.

இனி, ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என வேறொரு சொல்லும் உண்டு. ஒலியாலும் எழுத்தாலும் முன்னதனோடு வேறுபாடின்றி நிற்கும் இச்சொல், கீழ்த்திசை நாடுகளில் வழங்கிய சிறுமதிப்புடைய நாணயத்தைக் குறிப்பது. சீனரின் துளையிட்ட செப்புக்காசை ஆங்கிலேயர் இப்பெயராலேயே வழங்கினர். சீனர் அதனைத் தம் மொழியில் ‘வென்’ என்றும் ‘சியன்’ என்றும் கூறுவர்; ‘கேஷ்’ என்பது அவர்தம் சொல்லன்று. எனின், இப்பெயர் எங்கிருந்து வந்தது?

புளோரியோவின் அகராதி வெளிவந்த அதே 1598ஆம் ஆண்டில், டச்சுக்காரராகிய லின்சோதனின் பயணநூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இலண்டனில் வெளியாயிற்று. சுந்தா நாட்டில் செப்புக்காசு ஒன்றே வழங்குவதாகவும், அதன் நடுவே துளை உண்டெனவும், இருநூறு அல்லது ஆயிரம் காசுகளை ஒரு கயிற்றில் கோப்பர் எனவும் அந்நூல் கூறுகின்றது. அக்காசின் பெயரை அது ‘கைஷா’ என்னும் போர்த்துகீசிய வடிவில் தருகின்றது. இதற்கும் முன்னரே, 1510இல் உரோமில் வெளிவந்த வர்த்தேமாவின் பயணநூல், விசயநகர நாட்டில் ‘காஸ்’ என்னும் நாணயம் வழங்கியதையும், பதினாறு காஸ் ஒரு வெள்ளித் தாரத்திற்கு ஈடானதையும் குறிக்கின்றது. ‘காசு’ தமிழிலும் மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய இனமொழிகளிலும் வழங்கும் சொல். இதனை வடமொழிக் ‘கர்ஷ’த்தோடு இயைத்துக் கூறுவாரும் உளர், அது தனியே ஆராய்தற்குரியது. தென்னாட்டுத் துறைமுகங்களிற் கேட்ட இப்பெயரைப் போர்த்துகீசியர் ‘கைஷா’ என்றாக்கிக் கீழ்க்கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். யூல், பர்னல் ஆகிய இருவரும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியும் தமிழ்க் காசையே இதற்கு முதன்மையான மூலமாகக் காட்டுகின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. போர்த்துகீசிய மொழியில் ‘கைஷா’ என்பதற்குப் பெட்டி என்பதே இயல்பான பொருள். அதுவும் இலத்தீன் ‘காப்சா’வின் வழித்தோன்றலே. புதிதாகக் கேட்ட அயற்சொல்லைத் தாம் முன்னறிந்த சொல்லின் வடிவில் வார்த்துக்கொள்ளுதல் எம்மொழியாளர்க்கும் இயல்பு. ‘காசு’ பெட்டியின் பெயரைப் போர்த்திக்கொண்டது அவ்வாறே எனக் கருதுதல் பொருந்தும். பிறப்பால் வேறான இரு சொற்களும் போர்த்துகீசியர் நாவில் ஒருவடிவு எய்தின. ஆங்கிலத்திலும் அவ்வாறே ஒன்றுபட்டன.

நாணயப் பெயராகிய ‘கேஷ்’ சென்னை மாகாணத்தில் ஆட்சித் துறையிலும் வழங்கியது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்பது 1818இல் வெள்ளி ரூபாய் அடிப்படை நாணயமாகும் வரை இருந்த கணக்கு. அதன்படி ஒரு வராகனுக்கு 3,360 காசு. கிழக்கிந்தியக் கும்பினியார் இங்கிலாந்தில் அச்சிடுவித்த 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயங்களில் பத்துக் ‘கேஷ்’, இருபது ‘கேஷ்’ என மதிப்புப் பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் அந்நாணயங்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. அவற்றின் மறுபக்கத்துப் பாரசீக எழுத்து அப்பெயரைக் ‘காஸ்’ என்றே குறிக்கின்றது. ஆங்கில எழுத்து மறைத்த மூலத்தைப் பாரசீக எழுத்துக் காட்டிநிற்றல் காண்க.

தமிழில் ‘காசு’ நடந்த வழி வேறு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு என்பது பொன் நாணயம். காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை என அவை விதிக்கின்றன. பிற்காலத்தே அதே பெயர் சிறு செப்பு நாணயத்திற்கு உரியதாயிற்று. காசுமாலை என்னும் அணியின் பெயர் மட்டும் பழைய பொற்பொருளைக் காத்துநிற்கின்றது. மணி, குற்றம் என்னும் பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் அது நிற்கின்றது.

எனவே, ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச்சொற்களைத் தொகுக்கும் மாணவர் ‘கேஷ்’ என்பதை இரு தனிச்சொற்களாகக் கொண்டு, நாணயப் பெயரை மட்டுமே தமிழ்க் கொடையாகக் காட்டுதல் வேண்டும். ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லையும் அதனோடு சேர்த்து உரிமை கொண்டாடின், பிழையை அறிந்த பிறமொழி அறிஞர் உண்மையான பகுதியையும் ஐயுறுவர். கட்டுமரம், சுருட்டு முதலிய ஐயத்திற்கு இடமற்ற சொற்களின் மீதும் அவ்வையம் படரும். சீனத்துச் செப்புக்காசு ஆங்கில நூல்களில் தென்னாட்டுப் பெயர் பூண்டு விளங்குதல் நம் கடல்வணிக வரலாற்றுக்குச் சிறந்த சான்றாகும். அச்சான்றை ஐயத்திற்கு உள்ளாக்காமல் காத்தல் சொல்லாராய்ச்சியாளர் கடனாகும்.